தோம்பில் ஏறிய விசுவாசம்

காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில் கடல் ஒடுங்கும் இடத்தில், மணல்திட்டொன்றின் மேல், பறங்கியர் எனப்பட்ட போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை இன்றும் நிற்கிறது. ஊரார் அதைக் கடற்கோட்டை என்பார்கள். 1658இல் அது ஒல்லாந்தர் கைக்கு மாறியபோது தீவுகளுக்கும் புதுப்பெயர்கள் வந்தன. அப்போது காரைதீவு என்றிருந்த காரைநகர் ஆம்ஸ்டர்டாம் ஆயிற்று. வேலணை லெய்டன், நயினாதீவு ஹார்லெம், நெடுந்தீவு டெல்ஃப்ற் ஆயின. நெடுந்தீவைத் தவிர மற்றவற்றில் அந்தப் பெயர்கள் ஒட்டவில்லை. ஊர்ப்பெயரைப் போலவே ஊராரின் சமயத்தையும் ஒழுக்கத்தையும் கட்டளை போட்டு மாற்றிவிடலாம் என்று நம்பிய இரண்டு அரசுகள் இந்த ஒடுங்கிய கடலின் இருகரைகளையும் ஏறத்தாழ 175 ஆண்டுகள் ஆண்டன. கத்தோலிக்க ஒழுக்கப் போதனையை நாட்டின் சட்டம் காக்கவேண்டுமா என்ற கேள்வி கருக்கலைப்பை ஒட்டியும் மணவிலக்கை ஒட்டியும் இலங்கையில் அவ்வப்போது எழுகிறது. அதற்கு விடை தேட உரோமாபுரிக்கோ வாஷிங்டனுக்கோ போகவேண்டியதில்லை. சபையின் ஒழுக்கத்தைக் கையில் எடுக்கும் சட்டம் அதில் எதை எடுத்துக்கொள்ளும், எதைத் தொடாமல் விடும், சபைக்கு என்ன மிஞ்சும் என்பதெல்லாம் இங்கேயே நடந்து முடிந்த கதை.

1619இல் பிலிப்பு டி ஒலிவேரா யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்தார். 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது. நாடு கோயிற்பற்றுகளாகப் பிரிக்கப்பட்டது. பிரான்சிஸ்கன் துறவிகளும் பின்னர் வந்த இயேசு சபையாரும் ஒவ்வொரு பற்றிலும் கோயிலும் பள்ளியும் எழுப்பினார்கள். போர்த்துக்கல் அரசருக்குப் பாப்பரசர் கொடுத்திருந்த காப்புரிமையின்படி கீழைத் திருச்சபையைக் காப்பதும் நடத்துவதும் அரசரின் கடமை. அதனால் குருவின் சொல்லுக்குப் பின்னால் பறங்கிக் கப்பித்தானின் அதிகாரம் நின்றது. இருபது முப்பது ஆண்டுகளுக்குள் குடாநாட்டின் பெரும்பகுதி ஞானஸ்நானம் பெற்றுவிட்டதாகக் குருமார் எழுதி அனுப்பினார்கள். விரத நாளில் வாழையிலையில் உண்டுவிட்டு, கண்டுபிடிபடாமல் இருக்க இலையைக் கூரையிறப்பில் செருகி மறைத்தார்கள் என்று யாழ்ப்பாணத்து வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுவது இந்தக் காலத்தைப் பற்றித்தான். திருநெல்வேலி ஞானப்பிரகாசர், பறங்கியருக்குப் பசு கொடுக்க மனமின்றிச் சிதம்பரத்துக்குப் போனார் என்ற கதையும் இதே காலத்தது. கொடுமை ஒருபக்கம் மட்டும் இருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அதற்கு முன்னே, 1544இல், மன்னாரில் ஞானஸ்நானம் பெற்ற சுமார் அறுநூறு பேரை யாழ்ப்பாண அரசன் சங்கிலி வெட்டுவித்தான். குடியின் விசுவாசம் ஆட்சியின் சொத்து என்ற எண்ணம் பறங்கியர் கப்பலில் மட்டும் வந்ததன்று.

ஒல்லாந்தர் வந்ததும் அதே மக்களுக்கு வேறு சபை வந்தது. 1658இல் பூதத்தம்பியின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் சதி, பறங்கியரைத் திரும்பக் கொண்டுவரும் முயற்சியாகப் பிடிபட்டது. கல்தேரா என்ற இயேசு சபைக் குரு உட்படப் பலர் கொல்லப்பட்டார்கள். கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுத்தால் மரணதண்டனை என்ற கட்டளை அந்த ஆண்டு செப்டெம்பரிலேயே பிறந்தது. அரசியல் அச்சம் சமயச் சட்டமாக மாற அத்தனை குறுகிய காலம் போதுமாக இருந்தது. கத்தோலிக்கக் கோயில்கள் சீர்திருத்த சபைக் கோயில்களாயின. கோயிற்பற்றுப் பள்ளியின் உபாத்தியாயர் கையில் தோம்பு என்ற பதிவேடு இருந்தது. பிறப்பு, ஞானஸ்நானம், விவாகம், பிள்ளைகளின் பள்ளி வரவு எல்லாம் அதில் ஏறின. பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் தண்டப்பணம். சபைப் போதகர் முன் பதிந்த விவாகமே விவாகம். அதில் பிறந்த பிள்ளைக்கே சட்டபூர்வமான உரிமை. ஞானஸ்நானம் பெற்று விசுவாச அறிக்கையில் கையெழுத்திடாதவருக்கு முதலியார் பட்டமோ அரச உத்தியோகமோ இல்லை. 1663இல் யாழ்ப்பாணத்தில் 62,558 கிறிஸ்தவர்கள் இருந்ததாகக் கணக்கு உண்டு. அக்காலத்தில் இங்கே போதகராக இருந்த பிலிப்பு பல்தேயுவே அவர்களில் பலர் பெயருக்குக் கிறிஸ்தவர்கள் என்பதை மறைக்கவில்லை.

அந்தக் கணக்கின் ஓரத்திலேயே இன்னொரு எண் நிற்கிறது. 62,558 பேரும் அடிமைகள் நீங்கலாக. அடிமைகள் 2,587 பேர், தனியாக. என் வாதம் முழுவதும் இந்த ஓரக் குறிப்பின் மேல் நிற்கிறது. கிறிஸ்தவ ஒழுக்கத்தைக் காப்பதாகச் சொன்ன அரசு ஞாயிற்றுக்கிழமை வராதவனைத் தேடிப் பிடித்தது, பதியாமல் சேர்ந்து வாழ்ந்தவர்களைத் தண்டித்தது. மனிதனை மனிதன் விற்பதை மட்டும் ஒழுக்கக்கேடாகக் காணவில்லை. காணாமல் விட்டதோடு நிற்கவுமில்லை. 1690களின் நடுவில் பஞ்சத்தால் சோழமண்டலக் கரையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு இரண்டு ஆண்டுகளில் 3,500க்கு மேற்பட்ட அடிமைகள் கொண்டுவரப்பட்டார்கள். தலைக்கு 11 பணம் ஒல்லாந்தக் கும்பனிக்குத் தீர்வையாகப் போனதை யாழ்ப்பாணக் கொமாந்தர் சுவார்டெகுரூன் தம் 1697ஆம் ஆண்டுக் குறிப்பில் வரவுக் கணக்காக எழுதினார். 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, 12 முதலியார்கள் பார்த்து ஒப்பிய, யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டமான தேசவழமையில் முதுசமும் சீதனமும் போலவே அடிமைகளைப் பற்றிய விதிகளும் இடம்பெற்றன. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிய 1844 வரை காத்திருக்க நேர்ந்தது. சுவிசேஷத்தில் எது கனமானதோ அது ஆள்பவனுக்குச் செலவு வைக்கும். தோம்பில் எதை எண்ணலாமோ அது அவனுக்குச் செலவின்றி அதிகாரம் தரும். சபையின் ஒழுக்கத்தைச் சட்டத்திடம் ஒப்படைத்தால் சட்டம் தேர்ந்தெடுக்கும் பகுதி எது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது.

ஒப்படைத்த சபைக்கு மிஞ்சியது என்ன? நல்லூர்க் கோயில் ஒல்லாந்தர் காலத்திலேயே, 1730களில், மீண்டும் எழுந்தது. அதை எழுப்பியவர் ஒல்லாந்தக் கச்சேரியில் உத்தியோகம் பார்த்த தொன் யுவான் இரகுநாத மாப்பாண முதலியார். அந்தத் ‘தொன் யுவான்’ என்ற முன்பெயர் உத்தியோகத்துக்கு, கந்தன் நெஞ்சுக்கு. அவரைப் பொய்யர் என்று சொல்ல எனக்கு மனமில்லை. பொய்யைச் சட்டமாக்கியவர்கள் வேறு. 1795இல் ஆங்கிலேயர் யாழ்ப்பாணத்தைப் பிடித்ததும் கட்டாயம் தளர்ந்தது. 1806இல் இங்கே வந்த போதகர் குளோடியஸ் புகேனன், பல்தேயுவின் நூலிலுள்ள படங்களில் அழகாக நின்ற கோயில்கள் இடிந்து கிடப்பதையும், சீர்திருத்த சபையின் பேரில் கிறிஸ்தியான் தாவீது என்ற ஒரு தமிழர் மட்டுமே ஊழியம் செய்வதையும் கண்டு எழுதினார். ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட தண்டப்பணத்துக்கும் பட்டத்துக்கும் கிடைத்த பலன் அவ்வளவுதான். அதே 1806இல் தேசாதிபதி மெயிற்லண்ட் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கினார்; அதே ஆண்டின் இறுதியில் தேசவழமைக்கு ஆங்கில அரசின் சட்டவலு கிடைத்தது. தடை நீங்கிய அன்று கத்தோலிக்கர் இருந்தார்கள் என்பதுதான் கவனிக்கவேண்டியது. அரசின் ஆதரவோடு நின்ற சபை கரைந்திருந்தது; அரசு தேடி வேட்டையாடிய சபை உயிரோடிருந்தது.

அது எப்படி நடந்தது? 1687இல் கோவாவிலிருந்து யோசப் வாஸ் அடிகளார் கூலியாளின் கோலத்தில் வந்து இறங்கினார். கழுத்தில் செபமாலையோடு வீடு வீடாகப் பிச்சை கேட்டு, அந்த மாலையைக் கண்டவர்களின் முகக்குறியை வைத்தே கத்தோலிக்கரை அடையாளம் கண்டார் என்பது மரபு. சில்லாலையில் தங்கி இரவில் பூசை வைத்தார். 1689 நத்தார் இரவில் ஒல்லாந்த அதிகாரி வான் றீடின் ஆட்கள் பாய்ந்து கூட்டத்தைப் பிடித்தார்கள். அடிகளார் தப்பினார், பிடிபட்டவர்களில் சிலர் கசையடிக்கும் சிறைக்கும் ஆளானார்கள். பிறகு அவர் கண்டிக்குப் போனார். முதலில் பறங்கியரின் ஒற்றன் என்று அடைக்கப்பட்டாலும், பின்னர் பௌத்த மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் அவருக்கு முழுச் சுதந்திரம் கொடுத்தான். இலங்கைக் கத்தோலிக்கத்தின் உயிர்நாடி காப்பாற்றப்பட்டது, தன் சமயத்தை அவர்மேல் சுமத்தாத ஒரு பௌத்த அரசனின் நிழலில். குரு எட்டாத கரையோர ஊர்களில் மூப்பரும் அண்ணாவியும் செபமாலை சொல்லிக் கொடுத்தார்கள். விவாகத்தைச் சட்டத்துக்காகப் போதகரிடம் பதிந்துவிட்டு, குரு ஒளிந்து வரும் நாளுக்காகக் காத்திருந்து தேவதிரவிய அனுமானத்தைப் பெற்றவர்கள் அந்த ஊரார்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு உண்டு. பறங்கியர் கட்டாயப்படுத்தியிராவிட்டால் காத்துக்கொள்ள விசுவாசமே இருந்திராதே, விதைத்தது சட்டம்தானே என்று கேட்கலாம். விதை கப்பித்தானின் காலத்தில் விழுந்தது உண்மை. ஆனால் விதைப்பு இருகரையிலும் ஒன்றாகத்தான் நடந்தது. ஒரே அரசு, ஒரே கட்டளை, கண்ணுக்கு எட்டும் தூரம். அப்படியிருக்க ஊர்காவற்றுறை, கரம்பன், நாரந்தனைப் பக்கம் கத்தோலிக்கம் வேரோடியது; காரைநகர் திண்ணபுரத்துச் சிவன் கோயிலை ஈழத்துச் சிதம்பரமாக்கி, மார்கழித் திருவாதிரையைத் தன் ஆண்டின் உச்சமாக்கிக்கொண்டது. ஒரே காரணம் இரண்டு எதிர் விளைவுகளை விளக்காது. பறங்கியர் போன பிறகு எந்தக் கரையில் எந்தக் குடிகள் தாமாக விரும்பி எதைக் காத்தார்கள் என்பதில்தான் வித்தியாசம். தொழிலும் சாதியும் அந்தத் தேர்வில் கலந்திருந்தன என்பதையும் மறுப்பதற்கில்லை. கட்டளை மட்டும் அதில் இல்லை.

அது அந்நியர் ஆட்சி, நமது நாடாளுமன்றம் வாக்கெடுத்து இயற்றும் சட்டம் அப்படியன்று என்பது இரண்டாவது மறுப்பு. வாக்கெடுப்பில் யார் பெரும்பான்மை என்று முதலில் எண்ணவேண்டும். இந்நாட்டில் கத்தோலிக்கர் நூற்றுக்கு ஆறு பேர் அளவில். 1966 முதல் 1971 வரை ஞாயிறு விடுமுறை நீக்கப்பட்டு, பௌத்தரின் போயா நாள்களே வாரவிடுமுறையாக இருந்தன. அப்போது ஞாயிற்றுப் பூசைக்குப் போவது எவ்வளவு சிரமமாயிற்று என்பதைக் கத்தோலிக்கக் குடும்பங்கள் மறந்திருக்கமாட்டா. 2004இல் மதமாற்றத்தைத் தடுக்கும் மசோதா வந்தபோது, மனச்சாட்சியில் அரசு கைவைக்கலாகாது என்று ஆயர்கள் சரியாகவே எதிர்த்தார்கள். உயர்நீதிமன்றமும் அதன் பல பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரண் என்றது. தன் மேல் சட்டம் பாயும்போது சொன்ன நியாயத்தைச் சட்டம் தன் கைக்கு எட்டும்போதும் சொல்லவேண்டும். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமய சுதந்திரம் பற்றிய தன் அறிக்கையில் அதைத்தான் செய்தது. அதற்கும் முன்பே, எல்லாத் தீயொழுக்கத்தையும் மனிதச் சட்டம் தடுக்க முனையலாகாது, பிறருக்குக் கேடு விளைப்பவையே முக்கியமாகத் தடுக்கத்தக்கவை என்று தோமா அக்குவினார் எழுதியிருக்கிறார். கத்தோலிக்க மரபுக்குள்ளேயே நெடுங்காலம் இருந்த எண்ணம் இது. கப்பித்தான்களின் நூற்றாண்டுகளில் மறக்கப்பட்டிருந்தது.

மணவிலக்கில் இது எளிதாகவே விளங்கும். 1907ஆம் ஆண்டு விவாகப் பதிவுக் கட்டளைச்சட்டம் சில காரணங்களுக்காக நீதிமன்றம் விவாகத்தைக் கலைக்க இடம் தருகிறது. கலைக்காமல் சாகும்வரை வாழ்வேன் என்று வாக்குக் கொடுத்த கத்தோலிக்கத் தம்பதியரை அது எதற்கும் வற்புறுத்துவதில்லை. விவாகத்தின் முறிவின்மை சட்டத்தின் துணையின்றிக் கரம்பனில் நிற்கிறது; முன்பு சட்டத்தின் எதிர்ப்பிலேயே நின்றது.

கருக்கலைப்பு கடினமானது, அதை மணவிலக்கோடு ஒரே தட்டில் வைப்பது நேர்மையாகாது. இங்கே பேச்சு பிறருக்கு விளையும் கேட்டைப் பற்றியது என்று கத்தோலிக்கர் சொல்லும்போது, அவர்கள் அக்குவினாரின் எல்லைக்குள்தான் நிற்கிறார்கள். ஒழுக்கம் கலவாத சட்டம் எங்கும் இல்லை. அடிமைமுறையை ஒழித்ததும் ஒழுக்கம்தான். ஆனால் தாயின் உயிரைக் காக்க அன்றிக் கருவைக் கலைப்பதைக் குற்றமாக்கும் 303ஆம் பிரிவு, இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் பார்த்து ஆங்கிலேயர் 1883இல் இயற்றிய கோவையில் உள்ளது. எந்தத் திருச்சபையும் எழுதியதன்று. 1995இலும் 2017இலும் வன்புணர்ச்சியால் உண்டான கரு, உயிர்தரிக்க முடியாத குறையுள்ள கரு போன்றவற்றுக்கு விலக்குக் கேட்ட முயற்சிகள் வந்தபோது கத்தோலிக்க ஆயர்கள் எதிர்த்தார்கள், இரண்டும் சட்டமாகவில்லை. எதிர்க்க அவர்களுக்கு உரிமை உண்டு. எங்கள் போதனை இது என்பதையே காரணமாகக் கொண்டு சட்டத்தை நிறுத்திவைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அந்தச் சட்டத்தின் கீழ்ச் சிறைக்குப் போகக்கூடியவள் ஒரு பௌத்தப் பெண், ஒரு முஸ்லிம் பெண், காரைநகரின் ஒரு சைவப் பெண். ஞானஸ்நானம் பெறாத அவளிடமும் சொல்லி வாதிக்கத்தக்க காரணம் இருந்தால் அதை நாடாளுமன்றத்தில் வைக்கட்டும். அவள் மறுத்துப் பேசவும், மருத்துவர் பேசவும், வாக்கெடுக்கவும் இடமிருக்கட்டும். தீவுகளின் கத்தோலிக்கரிடம் இதைக் கேட்பது அதிகமாகாது. வேறொரு சபையின் போதகர் முன் விவாகத்தைப் பதிந்தால்தான் பிள்ளைக்கு உரிமை என்ற சட்டத்தின் கீழ் அவர்களின் முன்னோர் வாழ்ந்தார்கள்.