ஒரு கொத்து அரிசியும் ஒரு பிரதமரும்

அரசாங்கம் கடன் பட்டாவது மக்களுக்கு மானியம் கொடுக்க வேண்டுமா? இல்லை, வரவுக்கு ஏற்ற செலவோடு நிற்க வேண்டுமா? பாடப்புத்தகங்கள் இந்தக் கேள்விக்கு வரைபடம் போட்டு விடை சொல்லும். இலங்கையில் 1953ம் ஆண்டு விடை தெருவில் கிடைத்தது.

இரண்டாம் உலகப்போர் காலத்தில் அங்கே அரிசிக்கு கூப்பன் முறை வந்தது. போர் முடிந்தது, ஆனால் கூப்பன் போகவில்லை. நாட்டுக்குத் தேவையான அரிசியில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்துதான் வந்தது. அரசாங்கம் அதை உலகச் சந்தை விலைக்கு வாங்கி, கொத்து 25 சதத்துக்கு மக்களுக்கு விற்றது. இடையில் இருந்த வித்தியாசம் முழுவதும் திறைசேரியின் தலையில்!

தேயிலையும் இறப்பரும் நன்றாக விலை போகும் வரை இது பெரிதாகத் தெரியவில்லை. கொரிய யுத்தம் தொடங்கியதும் இறப்பர் விலை உச்சத்துக்குப் போனது. 1952ல் அது சரிந்தது. அதே நேரத்தில் அரிசி விலை ஏறியது. வரவு குறைய, செலவு கூட, வரவு செலவுத் திட்டத்தில் துண்டு விழும் தொகை பெருத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் சீனாவுடன் இறப்பர் - அரிசி ஒப்பந்தம் செய்ததும் இந்த நெருக்கடியில்தான்.

ஆனால் அதே 1952ல்தான் தேர்தலும் நடந்தது. 25 சத விலை தொடரும் என்று சொல்லித்தான் டட்லி சேனநாயக்கவின் ஐக்கிய தேசியக் கட்சி வென்றது. அடுத்த வருடம் ஜூலையில் நிதியமைச்சர் ஜே.ஆர்.ஜெயவர்த்தன விலையை ஒரேயடியாக 70 சதமாக்கினார். பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவு நின்றது. ரயில் கட்டணமும் தபால் கட்டணமும் ஏறின.

கணக்குப்படி ஜே.ஆர். சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் இடதுசாரிகள் வேறு கணக்கு கேட்டார்கள். துண்டு விழுந்தால் வசதி உள்ளவனிடம் வரி கேட்காமல் ஏழையின் சோற்றுக் கோப்பையில் கை வைப்பது ஏன்?

1953 ஆகஸ்ட் 12 அன்று ஹர்த்தால். கடைகள் பூட்டப்பட்டன, தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. தமிழரசுக் கட்சியும் ஆதரவு தந்தது. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற 'நியூபவுண்ட்லாந்து' என்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடி அவசரகால நிலையை அறிவித்தது. துப்பாக்கிச் சூட்டில் சுமார் பத்துப் பேர் இறந்தார்கள். அக்டோபரில் டட்லி பதவி விலகினார். அடுத்து வந்த சேர் ஜோன் கொத்தலாவல விலையை 55 சதமாகக் குறைத்தார். ஆனாலும் 1956 தேர்தலில் அந்தக் கட்சிக்குக் கிடைத்தது வெறும் 8 ஆசனம்.

அதன் பிறகு அரிசியைத் தொட எல்லோருக்கும் பயம். 1962ல் பங்கீட்டைக் குறைக்கப் பார்த்த நிதியமைச்சர் பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்க பதவி விலக நேர்ந்தது. 1966ல் மீண்டும் பிரதமராக இருந்த டட்லி இரண்டு கொத்தை ஒன்றாக்கினார், அந்த ஒன்றை இலவசமாகவே கொடுத்தார். 1970ல் மறுபடியும் தோற்றார். 1953ல் ஹர்த்தாலை முன்நின்று நடத்திய என்.எம்.பெரேரா அப்போது நிதியமைச்சர் ஆனார். 1973 உணவு நெருக்கடியில் அவர் காலத்திலும் இலவச அரிசி குறைந்தது!

அந்த அரிசி வீண் செலவா? 1946ல் ஆயிரத்துக்கு சுமார் 20 ஆக இருந்த மரண விகிதம் 1947ல் சுமார் 14 ஆனது. மலேரியாவை ஒழித்த டிடிடி மருந்துதான் காரணம் என்பார் பலர், உணவும் சேர்ந்துதான் என்பார் சிலர். ஆனால் 1974ல் மரண விகிதம் மறுபடி ஏறியபோது மிக மோசமாக அடிபட்டவர்கள் மலையகத் தோட்டங்களில் இருந்த தமிழ்த் தொழிலாளர்கள். அந்த இழப்பு எந்த வரவு செலவுத் திட்டத்திலும் செலவாக எழுதப்படவில்லை.

கடைசியில் மானியத்தை ஒழித்தது யார்? அதே ஜே.ஆர். தான். 1978ல் வருமானம் குறைந்தவர்களுக்கு மட்டும் என்றார், மக்கள் தொகையில் பாதிப் பேர் வெளியே போனார்கள். 1979ல் அரிசிக்குப் பதில் ரூபாய் மதிப்புள்ள உணவு முத்திரை வந்தது. விலைவாசி ஏறியது, முத்திரையின் மதிப்பு ஏறவில்லை. சில வருடங்களில் அதை வைத்து வாங்கக்கூடிய அரிசி பாதியாய்ச் சுருங்கிப் போனது. விலை கூட்டியதாக யாரும் அறிவிக்கவில்லை, அதனால் ஹர்த்தாலும் வரவில்லை.

2022ல் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் நின்றது. 2023ல் 'அஸ்வெசும' உதவித் திட்டம் வந்ததும் யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்ற பழைய சண்டை திரும்பவும் தொடங்கியது. ஒரு மானியத்தை வெட்டுகிறார்களா என்று பார்க்க பட்ஜெட் பேச்சை மட்டும் கேட்டால் போதாது. அந்தத் தொகைக்கு இன்று எத்தனை கொத்து அரிசி வரும் என்று கடையில் கேட்க வேண்டும்.