புனித ஸ்தேவான் தேவாலயம், மைன்ஸ்

புனித ஸ்தேவான் தேவாலயம் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் அமைந்துள்ள பழமையான கத்தோலிக்கத் தேவாலயம் ஆகும். யூத ஓவியர் மார்க் சாகல் வடிவமைத்த நீல நிறக் கண்ணாடிச் சாளரங்களுக்காக இது பெரிதும் அறியப்படுகிறது. ஜெர்மனியில் அவர் சாளரங்கள் வடிவமைத்த ஒரே தேவாலயம் இதுவாகும்.

வரலாறு

மைன்ஸ் பேராயர் வில்லிகிஸ் 990ஆம் ஆண்டில் இதனை நிறுவினார். 1011இல் காலமான அவர் இங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். தற்போதைய கோதிக் கட்டிடம் சுமார் 1290 முதல் 1335 வரையான காலத்தில் எழுப்பப்பட்டது. 1857இல் அருகிலிருந்த வெடிமருந்துக் கோபுரம் வெடித்ததிலும், இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சிலும் தேவாலயம் கடுமையாகச் சேதமடைந்தது. போருக்குப் பின்னர் இது மீளக் கட்டப்பட்டது.

கட்டிடக்கலை

நடுக்கூடமும் பக்கக்கூடங்களும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் அமைந்திருப்பது இதன் சிறப்பியல்பு. போரில் அழிந்த நடுக்கூடத்தின் கல் வளைவுக்கூரைக்குப் பதிலாகத் தட்டையான மரக்கூரை அமைக்கப்பட்டது. தேவாலயத்தை ஒட்டிய தூண் தாழ்வாரம் 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது.

கண்ணாடிச் சாளரங்கள்

1887இல் பிறந்த சாகல், நாசிகளின் ஆக்கிரமிப்பில் இருந்த பிரான்சிலிருந்து 1941இல் அமெரிக்காவுக்குத் தப்பிச் சென்றவர். பங்குத்தந்தை கிளவுஸ் மாயர் 1973இல் விடுத்த வேண்டுகோளை அவர் பின்னர் ஏற்றுக்கொண்டார். முதல் சாளரம் 1978இல் பொருத்தப்பட்டபோது அவருக்கு வயது 91. 1985இல் அவர் இறப்பதற்கு முன் ஒன்பது சாளரங்களை உருவாக்கினார். அவருடைய வரைபடங்களைப் பிரான்சின் ரெய்ம்ஸ் நகரக் கண்ணாடிக் கலைஞர் சார்லஸ் மார்க் கண்ணாடியில் வடித்தார். ஏனைய சாளரங்களைச் சாகலின் மறைவுக்குப் பின் மார்க்கே எளிய வடிவில் அமைத்தார்.

ஆபிரகாம், யாக்கோபு, மோசே முதலியோரின் வரலாறுகள் இச்சாளரங்களில் இடம்பெறுகின்றன. இவை யூதர்களுக்கும் கிறித்தவர்களுக்கும் பொதுவானவை. ஆகவே இச்சாளரங்கள் யூத-ஜெர்மானிய நல்லிணக்கத்தின் அடையாளமாகக் கருதப்படுகின்றன.