பழைய டிரெய்லர்களின் மறுவாழ்வு: துருவும் பிரேக்கும்

கனரக இயந்திரங்களை ஏற்றிச் செல்லும் பழைய டிரெய்லர்களைத் துரு நீக்கி, பழுது பார்த்து, மீண்டும் சாலைக்குக் கொண்டுவருவது டிரெய்லர் புதுப்பிப்பு ஆகும். தமிழகத்தில் இது லாரிக்குப் பாடி கட்டும் தொழிலோடு சேர்ந்து வளர்ந்தது. டிரெய்லருக்கு எஞ்சின் இல்லை. சட்டம், அச்சு, பட்டை, சக்கரம், பிரேக் ஆகியவையே அதன் உறுப்புகள். அதனால் எளிதில் சரிசெய்யக்கூடிய பொருளாக அது தோன்றுகிறது. ஆனால் பல டன் சுமையோடு ஓடும் வண்டியை இழுப்பதைவிட நிறுத்துவது கடினம். கனச்சுமை வண்டிகளின் வரலாறு முழுவதும் இந்தச் சிக்கல் தொடர்ந்து வருகிறது.

தேரும் முட்டுக்கட்டையும்

மோட்டார் வண்டிக்கு முன்பே தமிழகத்தில் பெருஞ்சுமை வண்டியாக இருந்தது கோயில் தேர். வடம் பிடித்து இழுக்க நூற்றுக்கணக்கானோர் திரண்டாலும், தேரைத் திருப்பவும் நிறுத்தவும் சக்கரத்தின் அடியில் மரக்கட்டை போடும் தேர்ந்த ஆட்கள் தேவைப்பட்டனர். தடைக்கு இன்றும் வழங்கும் 'முட்டுக்கட்டை' என்ற சொல் அந்தக் கட்டையின் பெயரே.

திருவாரூர் ஆழித்தேர் 1948-க்குப் பின் பல ஆண்டுகள் ஓடாமல் நின்று, 1970-இல் மீண்டும் ஓடியது. அதன் இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் திருச்சி பாரத மிகுமின் நிறுவனம் செய்து கொடுத்தவை. பழைய கனவண்டி ஒன்று நவீனப் பொறியியலால் மறுவாழ்வு பெற்றதற்கு இது தமிழகத்தின் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு.

டிரெய்லரின் தோற்றம்

1914-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஆகஸ்ட் ஃப்ருஹாஃப் என்ற கொல்லர், மரவணிகர் ஒருவரின் படகை ஏற்றிச் செல்ல, ஃபோர்டு காரின் பின்னால் பூட்டும் வண்டி ஒன்றைச் செய்தார். அதன் முன்பகுதி இழுக்கும் வண்டியின் மேல் அமர்ந்ததால் 'செமி டிரெய்லர்' என்று பெயர் பெற்றது. சுமையின் ஒரு பங்கை முன்வண்டியும் மறு பங்கைப் பின் அச்சுகளும் தாங்கும் இந்த ஏற்பாடே இன்றைய டிரெய்லர்களின் அடிப்படை.

உயரமான இயந்திரங்களை ஏற்றத் தளம் தாழ்ந்த 'லோபெட்' டிரெய்லர்கள் வந்தன. இங்கிலாந்தின் ஸ்கேமல் நிறுவனம் 1929-இல் 100 டன் சுமக்கும் வண்டியைச் செய்தது. பின்னர் சுமை கூடக்கூட அச்சுகளும் டயர்களும் பெருகின. வந்தவாசி அருகே கொரக்கோட்டையில் வெட்டிய சிலைக்கல்லை 2018 டிசம்பரில் பெங்களூருக்கு ஏற்றிப் புறப்பட்ட டிரெய்லருக்கு 240 டயர்கள் இருந்தன. அது போய்ச் சேர அடுத்த ஆண்டின் நடுப்பகுதி ஆகிவிட்டது.

தமிழகப் பட்டறைகள்

கொங்கு வட்டாரத்தில் மோட்டார் தொழில் பேருந்துகளோடு தொடங்கியது. ஜி.டி. நாயுடு 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டினார். அவருடைய யு.எம்.எஸ். நிறுவனம் பின்னர் கோவையின் பெரிய போக்குவரத்து நிறுவனங்களில் ஒன்றாயிற்று. உதிரிப்பாகம் எளிதில் கிடைக்காத அக்காலத்தில், ஓடும் வண்டியைப் பட்டறையிலேயே பிரித்துச் சரிசெய்வது தொழிலின் ஒரு பகுதியாக இருந்தது.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் படைகள் விட்டுச்சென்ற வண்டிகள் ஏலத்துக்கு வந்தன. மக்கள் வழக்கில் 'மிலிட்டரி டிஸ்போசல்' எனப்பட்ட இவ்வண்டிகள், பழையதை வாங்கிப் புதுப்பிக்கும் பழக்கத்தை இந்தியா முழுவதும் பரப்பின. சென்னையில் 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது. 1960-களின் தொடக்கத்தில் சென்னைப் பாடியில் வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் ஆகியவை சக்கரத்தையும் பிரேக்கையும் இங்கேயே செய்யத் தொடங்கின. திருச்சியில் 1975-இல் வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனம் அமைந்தது. நாமக்கல் லாரி பாடிக்கும் எரிவாயு டேங்கர்களுக்கும், திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கும், சங்ககிரி லாரிகளுக்கும் பெயர் பெற்றன.

திருப்பூர் இந்த வலையின் மறுமுனை. ராயபுரம் முதலிய பகுதிகளின் பனியன் கம்பெனிகளுக்கு நூலும் இயந்திரமும் வந்து சேர, தைத்த ஆடை கொள்கலன்களில் ஏறித் துறைமுகம் போகிறது. உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கங்களில் காற்றாலைகள் எழுந்தபோது, நீண்ட இறக்கைகளும் கோபுரத் துண்டுகளும் டிரெய்லர்களில் வந்தன. புதிய டிரெய்லர் வாங்க முதல் இல்லாத சிறு உரிமையாளருக்குத் துருப்பிடித்த பழைய டிரெய்லரே தொழிலின் நுழைவாயில்.

துருவைப் படித்தல்

இரும்பு துருவாகும்போது அதன் பருமன் பல மடங்கு பெருகும். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த இரு தகடுகளுக்கிடையே நீர் புகுந்தால், உள்ளே பெருகும் துரு தகடுகளையே பிதுக்கிப் பிரிக்கும். உப்பும் உரமும் ஏற்றிய வண்டியிலும் கடற்கரையில் நின்ற வண்டியிலும் இது விரைவாக நடக்கும். மேலே பரவலாகத் தெரியும் செம்மண் நிறத் துரு பெரும்பாலும் ஆபத்தற்றது. தளப் பலகையின் அடிப்புறம், குறுக்குச் சட்டம் நெடுஞ்சட்டத்தில் சேரும் மூலை, பட்டை தாங்கிகளின் வேர், வாத்துக் கழுத்துபோல் வளையும் முன்பகுதி ஆகியவையே பார்க்க வேண்டிய இடங்கள்.

பட்டறைக்காரர்கள் சுத்தியலால் தட்டி ஒலியைக் கேட்பது பழைய முறை. நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இரும்பு மந்தமாக ஒலிக்கும். இன்று மீயொலிக் கருவியால் தகட்டின் கனத்தை அளக்கலாம். நெடுஞ்சட்டத்தின் மேல், கீழ்த் தகடுகள் 12 மில்லிமீட்டரிலிருந்து 9 மில்லிமீட்டர் ஆகியிருந்தால், வளைவைத் தாங்கும் வலுவும் ஏறத்தாழக் கால் பங்கு போய்விட்டது என்று பொருள். அதன்மேல் எத்தனை பூச்சுப் பூசினாலும் அந்தக் கால் பங்கு திரும்பாது.

வெடிப்பை மூட மேலே தகடு வைத்துப் பற்றவைப்பது பரவலான வழக்கம். ஒட்டுத்தகடு திடீரென முடியும் இடத்தில் புதிய வெடிப்பு தொடங்கும் என்பதால், வெடிப்பின் நுனியில் துளையிட்டு, முழு ஆழத்துக்கும் பள்ளமாக்கி நிரப்பிப் பற்றவைப்பதே முறை. உயர்வலு எஃகால் ஆன சட்டத்தைக் கேஸ் தீயில் பழுக்கக் காய்ச்சி நிமிர்த்தினால் அதன் வலு குறைந்துவிடும்.

டிரெய்லரை முன்வண்டியோடு இணைக்கும் கிங் பின், 50 அல்லது 90 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறு உருளை. சிறிய வகை ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தேய்ந்தாலே மாற்றப்பட வேண்டும். முழு வண்டியின் இணைப்பும் அந்த ஒன்றையே நம்பியுள்ளது.

நிறுத்தும் பகுதி

ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869-இல் ரயிலுக்குக் காற்றுப் பிரேக் அமைத்தார். காற்றுக்குழாய் அறுந்தால் பிரேக் தானே பிடிக்கும் வகையை 1872-இல் உருவாக்கினார். டிரெய்லர்களும் இதே கொள்கையைப் பின்பற்றுகின்றன. முன்வண்டியிலிருந்து வரும் ஒரு குழாய் டிரெய்லரின் காற்றுத் தொட்டியை நிரப்பும். மற்றொன்று ஓட்டுநரின் மிதியழுத்தத்தை உணர்த்தும்.

நெடுநாள் நின்ற வண்டியில் இந்த ஏற்பாடு வெளியே தெரியாமல் கெடுகிறது. தொட்டியின் அடியில் தேங்கிய நீர் வால்வுகளை அரிக்கும். பிரேக் கேம் துருவால் இறுகிவிடும். ஒரு சக்கரம் பிடித்து மற்றொன்று பிடிக்காவிட்டால், டிரெய்லர் பக்கவாட்டில் தள்ளி, முன்வண்டியோடு மடக்குக் கத்திபோல் மடங்கிக்கொள்ளும். ஆகவே ஹப்பைக் கழற்றி, பேரிங், டிரம், லைனிங் அனைத்தையும் பார்த்து, ரப்பர் உறுப்புகளை மாற்றாமல் முடிக்கும் வேலை அரைவேலையே.

சேலத்துக்கும் தர்மபுரிக்கும் இடையிலுள்ள தொப்பூர் கணவாய் இதன் விலையைக் காட்டும் இடம். அந்த நீண்ட இறக்கத்தில், பிரேக் பிடிக்காத கனரக வண்டிகள் முன்னே சென்ற வண்டிகள்மீது மோதிப் பலமுறை உயிர்ச்சேதம் நேர்ந்துள்ளது. டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறங்குவதும் ஒரு காரணம். எஞ்சினின் தடுப்பு இல்லாதபோது முழுப் பாரமும் டிரம்களில் விழுந்து, அவை சூடேறிப் பிடிப்பை இழக்கின்றன.

பட்டறையில் நிற்பவர்கள்

துரு நீக்கும் வேலை உடலைத் தாக்கும். மணலை வீசித் துரு நீக்கும்போது எழும் நுண்தூள் நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் நோயைத் தரும். வார்ப்புகளைத் தூய்மையாக்க மணல் வீசுவதைப் பிரிட்டன் 1949-ஆம் ஆண்டின் விதிகளால் தடுத்தது. எஃகுக் குருணை, கார்னெட் போன்றவை மாற்றாக வந்துள்ளன. பழைய வண்டியின் செந்நிற அடிப்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். அதை உலர்ந்த நிலையில் சுரண்டுவதும் தீயில் எரிப்பதும் தொழிலாளரின் இரத்தத்தில் ஈயத்தைச் சேர்க்கும்.

சட்டம்

இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டங்கள் 1914, 1939, 1988 ஆகிய ஆண்டுகளில் வந்தன. 1988-ஆம் ஆண்டின் சட்டப்படி, எஞ்சின் இல்லாத டிரெய்லரும் மோட்டார் வாகனமே. அதற்கும் பதிவும் தகுதிச் சான்றும் தேவை. எட்டு ஆண்டுகளைக் கடந்த சரக்கு வாகனம் ஆண்டுதோறும் 'எஃப்.சி.' பெற வேண்டும். அச்சைக் கூட்டுவது, நீளத்தை மாற்றுவது போன்றவற்றை அனுமதியின்றிச் செய்யக்கூடாது. சேசிஸ் எண் பொறித்த இடத்தைத் துரு நீக்கும்போதே தேய்த்து அழித்துவிட்டால், நல்ல வண்டியும் ஆவணமற்றதாகிவிடும்.

2018 ஜூலையில் மத்திய அரசு அச்சுச் சுமை வரம்புகளை உயர்த்தியது. நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கு 10.2 டன்னாக இருந்த வரம்பு 11.5 டன் ஆனது. ஏட்டில் வரம்பு உயர்ந்ததால், பழைய அளவுக்குக் கட்டிய சட்டத்தின் வலு உயர்ந்துவிடவில்லை. தேற முடியாத வண்டிகளை முறையாகக் கழிக்க 2021-இல் வாகன அழிப்பு நிலையங்களுக்கான விதிகள் வந்தன.

புதுப்பித்த டிரெய்லரின் மதிப்பைச் சந்தையில் பெரும்பாலும் பூச்சும் டயரும் முடிவு செய்கின்றன. தகட்டின் கனம், கிங் பின்னின் தேய்மானம், ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக் பிடிப்பு ஆகிய மூன்றும் எண்ணால் அளக்கக்கூடியவை. வாங்குபவர் அவற்றை எழுத்தில் கேட்டுப் பெற்றால், அந்த டிரெய்லரின் முன்னே சாலையில் செல்லும் எல்லோருக்கும் அது பாதுகாப்பு.