துணிக்கூரைக் காரும் தண்ணீரும்: ஒரு சின்ன வரலாறு

கார் என்றதும் நம் மனதில் வருவது இரும்புக் கூரைதான். ஆனால் கார் பிறந்தபோது அதற்குக் கூரையே கிடையாது! 1886-ல் ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் காப்புரிமைக்கு விண்ணப்பித்த மூன்று சக்கர வண்டியில், தலைக்கு மேலே வானம் மட்டும்தான் இருந்தது. பிறகு மழைக்கும் வெயிலுக்கும் பயந்து, குதிரை வண்டிகளில் இருந்த மடக்குக் கூரையைக் காருக்கும் பொருத்தினார்கள். அந்தத் துணி எங்கிருந்து வந்தது? அதைக் கழுவுவதற்கு மட்டும் ஏன் இத்தனை விதிகள்? இரண்டு கேள்விகளுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

மழைக்கோட்டில் தொடங்கிய கதை

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் சார்லஸ் மக்கின்டாஷ் என்றொரு வேதியியலாளர் இருந்தார். அந்தக் காலத்தில் தெருவிளக்குகளுக்காக நிலக்கரியிலிருந்து வாயு எடுப்பார்கள். அப்போது மிஞ்சும் தாரிலிருந்து நாப்தா என்ற எண்ணெய் கிடைக்கும். அதில் ரப்பர் கரைகிறது என்பதைப் பயன்படுத்திக்கொண்டார் மக்கின்டாஷ். கரைந்த ரப்பரை இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி ஒட்டினார். தண்ணீர் புகாத துணி தயார்! 1823-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தில் மழைக்கோட்டுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

ஒரு குறை இருந்தது. வெயிலில் ரப்பர் பிசுபிசுக்கும், குளிரில் விறைத்துவிடும். ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் இந்தக் குறை தீரும் என்று காட்டிய சார்லஸ் குட்இயர், 1844-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார்.

இன்றைய நல்ல துணிக்கூரையும் அந்த மழைக்கோட்டின் வாரிசுதான். வெளியே அக்ரிலிக் துணி, நடுவே ரப்பர், உள்ளே பருத்தி அல்லது பாலியஸ்டர் என்று மூன்று அடுக்குகள். நம் ஊர் மலைப்பாதைகளில் ஓடிய ஜீப்புகளின் படுதாவும் ஏறக்குறைய இதற்கு உறவுதான்.

இரும்பு ஜெயித்த கதை

துணிக்கூரை ஏன் தோற்றது? விலைதான் காரணம். ஆரம்பத்தில் மூடிய கார் பணக்காரர்களுக்கு, திறந்த கார் மற்றவர்களுக்கு என்றுதான் இருந்தது. அமெரிக்காவில் 1919-ல் விற்ற கார்களில் நூற்றுக்குப் பத்துதான் மூடியவை. 1927-ல் அது 85 ஆகிவிட்டது! ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தை நடத்திய ஆல்ஃபிரட் ஸ்லோன் தன் நூலில் தரும் கணக்கு இது. இந்த மாற்றத்துக்கு வழிவிட்டது ஹட்சன் நிறுவனத்தின் எஸெக்ஸ் கார். 1925-ல் அதன் மூடிய காரின் விலை, திறந்த காரை விடவும் குறைந்துவிட்டது. விலை குறைவு, நனையவும் வேண்டாம் என்றால் யார்தான் துணியை வாங்குவார்கள்?

வேடிக்கை என்னவென்றால், அந்த மூடிய கார்களின் கூரை நடுவிலும் துணிதான் இருந்தது. அவ்வளவு அகலமான இரும்புத் தகட்டை ஒரே துண்டாக அழுத்தி எடுப்பது அப்போது கடினம். 1935 மாடல்களில்தான் ஜெனரல் மோட்டார்ஸ் முழு எஃகுக் கூரையைக் கொண்டுவந்தது.

அதன் பிறகு துணிக்கூரையின் தலையெழுத்தே மாறியது. ஏழையின் கூரை, ஆசைக்காரரின் கூரை ஆகிவிட்டது. 1948-ல் வெளிவந்த பிரான்சின் சித்ரோன் 2சிவி மாதிரி சில எளிய கார்கள் விதிவிலக்கு. 1949-ல் ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் துணிக்கூரை வடிவம் விற்பனைக்கு வந்தபோது, சாதாரண பீட்டிலை விட அதற்கு விலை அதிகம்.

எந்திரம் வந்தது, ஆபத்தும் வந்தது

இரும்புக் கூரை பெருகியதும் கழுவும் முறையும் அதற்கேற்ப மாறியது. காரைத் தானாகவே தேய்த்துக் கழுவும் சுழல் தூரிகை எந்திரத்துக்கு 1962-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரைச் சேர்ந்த இருவர் காப்புரிமை கோரினார்கள். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் இந்த எந்திரங்கள் பெயின்ட் அடித்த தகட்டை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. முந்தைய வண்டியின் மணல் தூரிகையில் தங்கியிருந்தால், அது துணியின் இழையை அறுக்கும், தையலைப் பிய்க்கும். கடைசியில் தெளிக்கும் மெழுகு தகட்டைப் பளபளப்பாக்கும். துணியிலோ திட்டுத் திட்டாகப் படிந்துவிடும். அதிக அழுத்தத்தில் தண்ணீரைப் பீய்ச்சினாலும் தையல் வழியே உள்ளே புகுந்துவிடும்.

எப்படித்தான் கழுவுவது?

முதலில் வண்டியை நிழலில் நிறுத்த வேண்டும். வெயிலில் சோப்பு காய்ந்து கறையாகிவிடும். கூரையை முழுதாக மூடிவிட்டு, காய்ந்த தூசியை மென்மையான பிரஷ்ஷால் தட்ட வேண்டும். தூசியோடு நனைத்தால் அது சேறாகி இழைக்குள் இறங்கும். பிறகு சாதாரணக் குழாய்த் தண்ணீர், காரமில்லாத மிதமான சோப்பு, மென்மையான பிரஷ். கொஞ்சம் கொஞ்சமான இடமாக, துணியின் இழை போகும் திசையிலேயே தேய்க்க வேண்டும். துணி துவைக்கும் பவுடரும் பிளீச்சிங்கும் கூடவே கூடாது. சாயத்தோடு தையல் நூலையும் கெடுத்துவிடும்.

நுரை துளியும் மிஞ்சாமல் அலச வேண்டும். மிஞ்சிய சோப்பு அழுக்கை இழுக்கும், தண்ணீரை உருட்டிவிடும் தன்மையையும் குறைக்கும். பின்பக்க ஜன்னல் பிளாஸ்டிக் என்றால் அதற்கு பிரஷ் வேண்டாம். நிறையத் தண்ணீரும் சுத்தமான மெல்லிய துணியும் போதும்.

எல்லாவற்றையும் விட முக்கியமான விதி: முழுதாகக் காயும்வரை கூரையை மடக்கக் கூடாது. ஈரத்தோடு மடக்கினால் பூஞ்சை பிடிக்கும். அந்தக் கறை லேசில் போகாது. காய்ந்த பிறகு தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக உருள வேண்டும். ஊறினால், துணிக்கூரைக்கென்றே விற்கும் நீர்காப்பு ஸ்பிரே அடிக்கும் நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

கிரீஸ் கறை பட்டால் பலரும் எடுப்பது பெட்ரோல் அல்லது மண்ணெண்ணெய். இங்குதான் மக்கின்டாஷ் மீண்டும் வருகிறார். அவர் ரப்பரைக் கரைத்த நாப்தாவுக்கு இவை நெருங்கிய சொந்தம். கறை போகலாம், ஆனால் அந்த எண்ணெய் நடு அடுக்கு வரை இறங்கி ரப்பரை ஊதச் செய்யும், ஒட்டு விடும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அடுத்த மழையில்தான் தெரியும்!

ஆக, துணிக்கூரை என்பது சக்கரத்தின் மேல் விரித்த ஒரு மழைக்கோட்டு. அதைத் தகடு என்று நினைத்துக் கழுவினால் கெடும், துணி என்று நினைத்துக் கழுவினால் பல வருடம் உழைக்கும். அரை மணி நேரப் பொறுமைக்கு எதிரே நிற்பது புதுக்கூரை மாற்றும் செலவு. எது லாபம் என்று கணக்குப் போடக் கால்குலேட்டர் தேவையில்லை!