எழும்பூர் ஓவியக் கல்லூரியும் நம்ம ஊர் காலண்டரும்

போன வாரம் பரணில் எதையோ தேடப்போய் ஒரு பழைய முருகன் படம் கிடைத்தது. ஓரமெல்லாம் செல்லரித்திருந்தாலும் மூலையில் சி. கொண்டையராஜு என்ற கையெழுத்து அப்படியே இருக்கிறது. திருவேங்கடம், கோவில்பட்டி பக்கம் என் வயதுக்காரர்கள் இவர் படத்தின் முன்னால் விழுந்து கும்பிட்டுத்தான் பரீட்சைக்குப் போயிருப்போம். கோவில்பட்டியில் வரைந்தார், சிவகாசியில் அச்சானது. இது பலருக்கும் தெரியும். அவர் ஓவியம் படித்த இடம் எது தெரியுமா? இன்று சென்னை எழும்பூரில் அரசு கவின்கலைக் கல்லூரி என்று இருக்கிறதே, அதுதான்.

1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற டாக்டர் தன் கைக்காசைப் போட்டு ஆரம்பித்த பள்ளிக்கூடம் அது. 1855-ல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. பம்பாய் ஜே.ஜே. பள்ளிக்கு ஏழு வருடம் மூத்தது. ஓவியம் மட்டுமல்ல, மண்பாண்டம், மரவேலை, உலோகவேலை என்று கைத்தொழிலும் சொல்லிக்கொடுத்தார்கள்.

நம் அடுப்படிக்கு வந்த அலுமினியச் சட்டிக்கும் இந்தப் பள்ளிக்கும் சம்பந்தம் உண்டு. பொறியியல் பேராசிரியராக இருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன் இங்கே பொறுப்புக்கு வந்து, 1898 வாக்கில் அலுமினியப் பாத்திரம் செய்து பார்த்தார். பித்தளையும் செம்பும் தட்டிப் பழகிய கைகளுக்கு ஒரு புது உலோகம். வியாபாரம் பிடித்துக்கொண்டது. 1903-ல் அந்தப் பட்டறையைத் தனியார் கம்பெனிக்கு விற்றார்கள். அதன் பிறகும் அரசாங்கம் புதுப்புதுத் தொழில்களைத் தொடங்கிப் பார்க்க, வெள்ளைக்கார வியாபாரிகளுக்குப் பொறுக்கவில்லை. 1910-ல் லண்டனிலிருந்து மார்லி பிரபு, அரசாங்கத்துக்குத் தொழில் நடத்தும் வேலை வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். தொழில் கற்றுக்கொடு, ஆனால் எங்கள் லாபத்தில் கை வைக்காதே என்பதுதானே இதற்கு அர்த்தம்!

1929-ல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி தலைமைக்கு வந்தார். மெரினாவில் பாறையை நெம்பும் நான்கு பேர் சிலை இருக்கிறதல்லவா, அவர் செய்ததுதான். அவருக்குப் பின் கே.சி.எஸ். பணிக்கர். படித்து முடித்த பிள்ளைகள் சோற்றுக்குத் திண்டாடுவதைப் பார்த்தார். மாணவர்களும் அவருமாக பாத்திக் துணி செய்து விற்ற காசில் நிலம் வாங்கி, 1966-ல் சோழமண்டலம் கிராமத்தை உண்டாக்கினார்கள்.

கொண்டையராஜு கதை வேறு. நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்துகொண்டே ஊர் ஊராகப் போனவர், 1940-களில் கம்பெனி கலைந்ததும் கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். கூட இருந்த பையன்களுக்குத் தூரிகை பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். சென்னையில் படித்த படிப்பு அப்படித்தான் நம் கரிசல் காட்டுக்கு வந்து சேர்ந்தது. கலை விமர்சகர்கள் காலண்டர் படம் என்று ஒதுக்கினாலும், பணிக்கர் படத்தை எத்தனை பேர் வீட்டில் மாட்டினார்கள்? (பணிக்கர் மேல் எனக்கு மரியாதை உண்டு, சண்டைக்கு வராதீர்கள்.)

இதையெல்லாம் எழுத இன்னொரு காரணமும் இருக்கிறது. என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த ஒரு பையன் கணக்கு நோட்டு முழுக்கப் படமாக வரைந்து வைத்திருப்பான். எழும்பூர் கல்லூரியில் சேரலாமா சார் என்று கேட்டான். "படம் வரைந்தால் சோறு போடுமாடே?" என்று கேட்டு, அவன் அப்பாவிடமும் சொல்லி, வேறு படிப்பில் சேர்க்க வைத்தேன். இரண்டாம் வருடமே நின்றுவிட்டான். இப்போது ஒரு தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதுகிறான். பார்த்தால் இன்னமும் வண்டியை நிறுத்தி வணக்கம் சொல்வான்.

அந்த முருகன் படத்துக்குக் கண்ணாடி போடக் கொடுத்திருக்கிறேன். உங்கள் வீட்டுப் பரணில் கொண்டையராஜு படம் இருந்தால் கையெழுத்தோடு போட்டோ எடுத்துக் கீழே போடுங்கள்.