டைவர்களுக்குக் காட்டாத அட்டவணை

நார்வேயோட எண்ணெய்ப் பணத்தைப் பத்தி நிறைய பேர் பேசிட்டாங்க. இன்னைக்கு எபிசோட், அந்த எண்ணெய்க்காகக் கடலுக்குள்ள இறங்கின டைவர்களைப் பத்தி.

1969-ல் வட கடலில் எக்கோஃபிஸ்க் எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்படுது. அங்கே ஆழம் சுமார் 70 மீட்டர். குழாய் இணைக்கணும், வெல்டிங் பண்ணணும், பழுது பார்க்கணும். இந்த வேலைக்கெல்லாம் அன்னைக்கு மனுஷன்தான் இறங்கணும். ஆட்களை அனுப்பினது டைவிங் கான்ட்ராக்டர்கள்.

நம்ம ஊர் முத்துக்குளிப்பில் மூச்சடக்கிப் போய் உடனே திரும்பிடுவாங்க. இவங்க கீழேயே மணிக்கணக்கா சுவாசிக்கிறாங்க. ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 70 மீட்டர்ல மொத்தம் 8 மடங்கு. சுவாசிக்கிற வாயு உடம்புல கரைஞ்சிடும். சட்டுனு மேலே வந்தா, கோலி சோடாவை உடைச்ச மாதிரி உள்ளுக்குள்ள குமிழி கிளம்பும். மூட்டு, முதுகுத்தண்டு, மூளை, எங்கே வேணா பாதிக்கும்.

அதனால அழுத்தத்தை எவ்வளவு நிதானமா குறைக்கணும்னு சொல்ல ஒரு அட்டவணை வேணும். பிரிட்டிஷ் கடற்படைக்காக ஹால்டேன் என்ற விஞ்ஞானி ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்தார். 1908-ல் தன் அட்டவணையை ஓர் ஆய்விதழில் வெளியிட்டார். யார் வேணா எடுத்துப் படிக்கலாம்.

வட கடலில் கதை தலைகீழ். கான்ட்ராக்டர்கள் தங்கள் அட்டவணையை வியாபார ரகசியமா வச்சுக்கிட்டாங்க. காரணம் எளிது: டைவர் அழுத்த அறையில் காத்திருக்கிற ஒவ்வொரு மணி நேரமும் செலவு. வேகமான அட்டவணை வச்சிருக்கிறவருக்குப் போட்டியில் லாபம். நார்வே அதிகாரிகளும் அந்த ரகசியத்தை அனுமதிச்சாங்க.

கோடை வெளியே காட்டாத கம்பெனிகள் எனக்குப் புதுசில்லை. ஆனா இங்கே அந்தக் கணக்கு ஓடினது ஒருத்தரோட உடம்புல.

வருஷங்கள் கழிச்சு நுரையீரல், மூளை, காதுன்னு பாதிப்புகள் வந்தன. 2004-ல் நார்வே நாடாளுமன்றம் இழப்பீட்டுத் திட்டம் கொண்டுவந்தது. ஆனால் 2009-ல் உச்ச நீதிமன்றம் அரசுக்குச் சட்டப் பொறுப்பு இல்லைன்னு சொல்லிடுச்சு. முன்னாள் டைவர்கள் 7 பேரோட வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனது.

2013 டிசம்பர் 5-ல் தீர்ப்பு. டைவர்களோட எல்லாப் புகாரையும் நீதிமன்றம் ஏத்துக்கலை. ஆனா ஒண்ணை ஏத்துக்கிட்டது: வேகமான அட்டவணைகளால வர்ற ஆபத்தை டைவர்கள் எடைபோடத் தேவையான தகவல் அவங்களுக்குக் கிடைக்கிறதை அரசு உறுதி செய்யலை. அது மனித உரிமை மீறல்.

"நல்ல சம்பளம், ஆபத்து தெரிஞ்சுதானே போனாங்க?"ன்னு சிலர் கேட்பாங்க. கடல் ஆபத்துன்னு அவங்களுக்குத் தெரியும். தங்களை மேலே கொண்டுவர்ற அட்டவணை எவ்வளவு ஆபத்துன்னு தெரிஞ்சுக்க வழியே இல்லை. அப்புறம் எப்படி "தெரிஞ்சு போனாங்க"ன்னு சொல்றது?

உங்க வேலையில உங்க உடம்பைப் பாதிக்கிற எந்தக் கணக்கை உங்களுக்குக் காட்டலை? எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.