குவோ பாவ் குன்

குவோ பாவ் குன் (27 ஜூன் 1939 – 10 செப்டம்பர் 2002) சிங்கப்பூர் நாடக ஆசிரியர், இயக்குநர், நாடக ஆசான். மாண்டரினிலும் ஆங்கிலத்திலும் நாடகங்களை எழுதி இயக்கியவர். இவ்விரண்டோடு மலாய், தமிழ், ஹொக்கியன், தியோச்சு, கான்டனீஸ் மொழிகளையும் ஒரே நாடகத்துக்குள் ஒலிக்கவைத்தவர். இரண்டு நாடகப் பள்ளிகளும் ஒரு கலை மையமும் அவர் முயற்சியில் உருவாயின. சிங்கப்பூரின் நவீன நாடகத்தை அவருக்கு முன், அவருக்குப் பின் என்று பிரித்துப் பேசலாம், அது மிகையாகாது.

பண்பாடு கடந்து நாடகம் செய்தவர்கள் என்றதும் பீட்டர் புரூக், யூஜெனியோ பார்பா, அரியான் முனூஷ்கின் ஆகிய ஐரோப்பிய இயக்குநர்களின் பெயர்களே முதலில் நினைவுக்கு வரும். புரூக் பல நாட்டு நடிகர்களைக் கொண்டு 1985இல் பிரான்சின் அவிஞ்ஞோன் விழாவில் மகாபாரதத்தை மேடையேற்றினார். முனூஷ்கினின் குழு, 2016இல் அரங்கேறிய 'இந்தியாவில் ஓர் அறை' நாடகத்துக்காகப் புரிசை கண்ணப்ப சம்பந்தன் தம்பிரானிடம் தெருக்கூத்துப் பயின்றது. இவர்கள் கடல் கடந்து தேடிப் போனவர்கள். குவோவுக்கோ வேற்றுமொழியும் வேற்று வழிபாடும் அக்கம்பக்கத்திலேயே இருந்தன. அவருடைய நாடகத்தின் தனித்தன்மை இங்கேதான் தொடங்குகிறது. ஒரே ஊரில் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாமல் வாழ்பவர்கள் எப்படிச் சேர்ந்து வாழ்வது என்பதே அவர் விடாமல் கேட்டுவந்த கேள்வி.

சீனாவின் ஹெபெய் மாகாணத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தார். பத்து வயதில், 1949இல், சிங்கப்பூருக்கு வந்து தந்தையுடன் சேர்ந்தார். சீனவழிப் பள்ளி, ஆங்கிலவழிப் பள்ளி என்று மாறி மாறிப் படித்ததால் இரு மொழியும் சிறுவயதிலேயே கைவந்தன. பதின்வயதில் ரெடிஃபியூஷன் வானொலியின் மாண்டரின் நாடகக் குழுவில் சேர்ந்து குரல் நடிப்பில் பழகினார். 1959இல் ஆஸ்திரேலியா சென்று மெல்பர்னில் ரேடியோ ஆஸ்திரேலியாவில் வேலை பார்த்தார். பிறகு சிட்னியின் தேசிய நாடகக் கலைக் கழகத்தில் 1963, 1964ஆம் ஆண்டுகளில் பயின்றார். நடனக் கலைஞர் கோ லே குவான் அவருடைய மனைவி. சிங்கப்பூர் தனி நாடான 1965ஆம் ஆண்டிலேயே இருவரும் சேர்ந்து ஒரு நிகழ்கலைப் பள்ளியைத் தொடங்கினார்கள்.

அந்தப் பள்ளியிலிருந்து வந்த மாணவர்கள் ஜெர்மானிய நாடக ஆசிரியர் பிரெக்டின் நாடகங்களை மாண்டரினில் நடித்தார்கள். தொழிலாளர், மீனவர், உழவர் இருக்கும் இடங்களுக்குப் போய் அவர்களோடு வாழ்ந்து, கண்டதை நாடகமாக்குவதும் அவர்கள் பயிற்சியில் அடக்கம். அன்றைய அரசு இதை ஐயத்தோடு பார்த்தது. 1976 மார்ச்சில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் குவோ விசாரணையின்றிக் காவலில் வைக்கப்பட்டார். மறு ஆண்டு குடியுரிமை பறிக்கப்பட்டது. 1980இல் விடுதலையானார், குடியுரிமை திரும்பக் கிடைத்தது 1992இல்தான். நான்கரை ஆண்டுக் காவலுக்குப் பிறகு எழுதிய நாடகங்களில் கசப்பு இல்லை என்பது அவற்றைப் படிக்கும் எவரையும் வியக்கவைக்கும். பிரசார நெடி போய், நகைச்சுவையும் தனிமனிதரின் குழப்பமும் எழுத்தில் வந்து சேர்ந்தன.

இந்தக் காலத்தின் முதல் பெரிய படைப்பு 'குழிக்குப் பெரிய சவப்பெட்டி' (1985). ஒரே ஒரு நடிகர், தன் தாத்தாவின் இறுதிச் சடங்கைப் பற்றிச் சொல்கிறார். தாத்தா தனக்கென்று முன்கூட்டியே செய்துவைத்த பழங்காலச் சவப்பெட்டி மிகப் பெரியது; இடுகாட்டில் அரசு ஒதுக்கும் குழியோ எல்லாருக்கும் ஒரே அளவு. ஒருவருக்கு ஒரு குழி என்பதே விதி என்று அதிகாரி சொல்கிறார். ஊர்வலம் வந்தாயிற்று, பெட்டி இறங்கவில்லை. இந்த நாடகத்தைக் குவோ மாண்டரினிலும் ஆங்கிலத்திலும் தந்தார். ஒழுங்குக்குப் பெயர்போன ஒரு நாட்டில், மரபின் அளவும் விதியின் அளவும் பொருந்தாமல் போகும் கணத்தை இவ்வளவு எளிய கதையில் பிடித்தது பெரிய சாதனை. 1986இல் வந்த 'ஒற்றைப்படை நாட்களில் வண்டி நிறுத்தாதீர்' இதே தடத்தில் வாகன நிறுத்த அபராதங்களை எதிர்த்து அலையும் ஒரு தந்தையின் கதை.

குவோவைப் பற்றிய பேச்சு எதுவும் 1988இல் மேடையேறிய 'பூனையைத் தேடும் அம்மா' நாடகத்தில் வந்து நிற்காமல் போகாது. அதன் பின்னணியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சிங்கப்பூர்ச் சீனர்களில் மூத்த தலைமுறைக்கு மாண்டரின் தாய்மொழியன்று. வீட்டில் அவர்கள் பேசியவை ஹொக்கியன், தியோச்சு, கான்டனீஸ் போன்றவை. 1979இல் அரசு மாண்டரின் பேசும் இயக்கத்தைத் தொடங்கியது. வானொலியிலிருந்தும் தொலைக்காட்சியிலிருந்தும் வட்டார மொழிகள் படிப்படியாக விலக்கப்பட்டன. 1987இலிருந்து எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதல் மொழி ஆயிற்று. ஒரே தலைமுறைக்குள் பாட்டிக்கும் பேரனுக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லாமல் போன வீடுகள் ஏராளம்.

நாடகத்தில் அம்மாவுக்குத் தெரிந்தது ஹொக்கியன் மட்டும். சிறுவயதில் அவளோடு பாடி விளையாடிய பிள்ளைகள் வளர்ந்து ஆங்கிலத்துக்கும் மாண்டரினுக்கும் போய்விடுகிறார்கள். பேச ஆளில்லாத அவளுக்குப் பூனையே துணை. ஒரு நாள் அதுவும் காணாமல் போக, தேடிக்கொண்டு வெளியே கிளம்புகிறாள். வழியில், தமிழ் மட்டுமே பேசும் ஒரு முதியவரைச் சந்திக்கிறாள். அவரும் தன் பூனையைத் தேடிக்கொண்டிருக்கிறார். அவள் ஹொக்கியனில் சொல்வது அவருக்குப் புரியவில்லை. அவர் தமிழில் சொல்வது அவளுக்குப் புரியவில்லை. இருவரும் சைகையாலும் உடலசைவாலும் தங்கள் பூனையை ஒருவருக்கொருவர் விவரிக்கிறார்கள். சிறிது நேரத்தில் இருவரும் குழந்தைகளைப் போல் ஒன்றிவிடுகிறார்கள். சொந்தப் பிள்ளைகளோடு கூடிவராத உறவு, யாரென்றே தெரியாத ஒருவரோடு கூடிவருகிறது.

இந்தக் காட்சியின் கூர்மை பார்வையாளரைப் பொறுத்து மாறும். தமிழ் தெரிந்தவருக்கு முதியவரின் வசனம் நேராகக் காதில் விழும். அம்மாவின் பக்கத்தை உடலசைவிலிருந்துதான் அறிய வேண்டும். ஹொக்கியன் தெரிந்தவருக்கு இதுவே தலைகீழ். ஒலிக்கும் எல்லா மொழிகளும் தெரிந்தவர் அரங்கில் அரிது. ஆகவே ஒவ்வொருவரும் நாடகத்தில் எங்காவது ஓரிடத்தில் புரியாதவராக உட்கார்ந்திருக்கிறார்கள். புரியாமல் உட்கார்ந்திருக்கும் அந்த அனுபவத்தையே இயக்குநர் பார்வையாளருக்குக் கொடுத்தார். பல இனத்தாரை வரிசையாக நிறுத்தி ஆடவிடும் தேசிய விழா நிகழ்ச்சிகளுக்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிது. முழுப் பிரதியை முன்பே எழுதிக் கையில் கொடுக்காமல், வெவ்வேறு மொழி பேசும் நடிகர்களோடு ஒத்திகையிலேயே நாடகத்தை வளர்த்தெடுத்ததும் முக்கியம். நடிகர்கள் முதலில் ஒருவரையொருவர் கேட்கப் பழகினார்கள். வசனம் அதிலிருந்து வந்தது.

1990இல் குவோ, சிங்கப்பூரின் ஆர்மேனியன் தெருவில் கைவிடப்பட்ட ஒரு துணை மின்நிலையத்தைக் கலை மையமாக்கினார். பெயரையும் 'சப்ஸ்டேஷன்' என்றே வைத்தார். ஒரு சிறு அரங்கு, காட்சிக்கூடம், பின்னால் தோட்டம்; அவ்வளவே. யார் வேண்டுமானாலும் வந்து புதிதாக எதையாவது முயலலாம், தோற்கவும் செய்யலாம். சப்பென்ற வெற்றியைவிட மதிக்கத்தக்க தோல்வி மேல் என்பது அவர் மாணவர்களுக்கு ஓயாமல் சொன்ன பாடம். 1995இல் மையத்தின் பொறுப்பு, மெய்யியலும் நாடக விமரிசனமும் தெரிந்த தி. சசிதரனிடம் போயிற்று.

அதே ஆண்டில் வந்த 'அலித் தளபதியின் வழித்தோன்றல்கள்', மிங் பேரரசின் கடற்படைத் தளபதி செங் ஹேயைப் பற்றியது. ஆண்மை அறுக்கப்பட்டு அதிகாரம் பெற்ற அந்த முஸ்லிம் மாலுமியை, வேரை இழந்து வசதி பெற்ற இன்றைய அலுவலக மனிதரோடு குவோ இணைத்தார். (செங் ஹே தமிழருக்கு அந்நியரல்லர். இலங்கையின் காலியில் கிடைத்த, 1409ஆம் ஆண்டிட்ட அவருடைய கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் உள்ளது.) 1998இல் எழுதிய 'ஆவிகளின் ஆட்டம்', சிங்கப்பூரில் உள்ள ஜப்பானியர் கல்லறைத் தோட்டத்திலிருந்து பிறந்தது. போரில் மாண்ட ஜப்பானியரின் ஆவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்கின்றன. ஜப்பானியப் படையெடுப்பில் சிக்கிய சீனாவில் பிறந்தவர், ஜப்பானிய ஆட்சியின் கொடுமையை மறக்காத ஊரில் இருந்துகொண்டு, எதிரியின் இறந்தவர்களுக்குக் காதுகொடுத்தார். அவருடைய பண்பாடு கடந்த பார்வையின் துணிச்சலான சான்று இதுவே.

2000இல் குவோவும் சசிதரனும் ஒரு நாடகப் பயிற்சி, ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கினார்கள். பின்னாளில் அது பண்பாட்டிடை நாடகக் கழகம் என்று பெயர் பெற்றது. மூன்றாண்டுப் படிப்பு. பல நாடுகளிலிருந்து வந்த மாணவர்கள் ஒரே வகுப்பில் இருந்தார்கள். தற்கால நடிப்புப் பயிற்சியோடு ஜப்பானின் நோ, சீனாவின் பெய்ஜிங் இசை நாடகம், ஜாவாவின் வாயாங் வோங், கேரளத்தின் கூடியாட்டம் ஆகிய நான்கு மரபுகளை, அந்தந்த மரபின் ஆசான்களிடமே கற்றார்கள்.

கற்கும் முறையைக் கவனிக்க வேண்டும். நோவில் பாதம் தரையை விட்டு எழும்பாமல் வழுக்கிச் செல்ல வேண்டும். இடுப்பு ஏறி இறங்கக் கூடாது. கூடியாட்டத்தில் முட்டி மடக்கி அரையாகத் தாழ்ந்து நின்று, கண்ணை மட்டும் நகர்த்தி ஒரு மலையைக் காட்ட வேண்டும். ஒன்றில் முகம் முகமூடிக்குள் அடங்குகிறது; மற்றதில் முகமே மேடை ஆகிறது. இரண்டையும் அடுத்தடுத்துச் செய்யும் மாணவர், தான் இயல்பு என்று எண்ணியிருந்த நடையும் பார்வையும் எங்கோ யாரோ பழக்கியவை என்று உடலாலேயே அறிகிறார். கூடியாட்டம் தமிழ் வாசகருக்கு முற்றிலும் புதிதன்று. அதை ஆடும் சாக்கியார் மரபை, சிலப்பதிகாரத்தில் செங்குட்டுவன் முன் ஆடும் பறையூர்ச் சாக்கையனோடு இணைத்துப் பார்ப்பவர்கள் உண்டு.

ஒரு வாழ்நாள் கேட்கும் மரபைச் சில மாதங்களில் கற்பது நுனிப்புல் மேய்வதாகாதா என்ற கேள்வி நியாயமானது. நோ நடிகரையோ கூடியாட்டக் கலைஞரையோ உருவாக்குவது இந்தப் பள்ளியின் நோக்கமன்று. நான்கு மரபுகளையும் கலந்து ஒரு மேடை விருந்து படைக்கவும் குவோ விரும்பவில்லை. பண்பாடுகளை அவர் மரங்களாகக் கண்டார். அடிமரங்கள் தனித்தனியே நிற்கும், கிளைகள் உயரத்தில் பின்னிக்கொள்ளும், வேர்கள் ஆழத்தில் ஒரே மண்ணின் நீரைக் குடிக்கும். ஆகவே மாணவர் மற்றவரின் மரபில் இறங்கும்போதே தன் மரபிலும் ஆழமாக இறங்க வேண்டும் என்றார். வேடத்தையும் முத்திரையையும் மட்டும் கடன்வாங்கும் இயக்குநர்கள் பெருகிவிட்ட காலத்தில், இந்த நிபந்தனையின் கண்டிப்பு மதிக்கத்தக்கது.

இத்திட்டம் தொடங்கிய இரண்டே ஆண்டுகளில் குவோ புற்றுநோயால் காலமானார். குடியுரிமையைப் பறித்த அதே நாடு அவருக்கு அதன் உயரிய கலை விருதான கலாசாரப் பதக்கத்தை முன்பே வழங்கியிருந்தது. குடியுரிமை திரும்பக் கிடைக்கும் முன்னரே அது வந்தது. பள்ளியைச் சசிதரன் தொடர்ந்து நடத்தினார். 2012இல் அவருக்கும் கலாசாரப் பதக்கம் கிடைத்தது. குவோ நிறுவிய நாடகக் குழு 'தியேட்டர் பிராக்டிஸ்' என்ற பெயரில் அவருடைய மகள் குவோ ஜியன் ஹோங்கின் கலை இயக்கத்தில் இயங்கியது. சப்ஸ்டேஷன் 2021இல் ஆர்மேனியன் தெருக் கட்டடத்தை விட்டு வெளியேறியது. குவோவின் எழுத்துகள் பத்துத் தொகுதிகளாக வெளிவந்துள்ளன.